சக்கரத்தை நிறுத்திப் பாடிய பாட்டு

ரொறன்ரோவில் சில பிள்ளைகள் ‘கட்டாக்காலி’ என்று நெஞ்சில் எழுதிய கறுப்பு டீசேட் போட்டுக்கொண்டு, அந்த இசைக்குழுவின் ‘இறால்தலை’ அல்பத்தின் முதல் பதிவு ஏன் வெளிவரவில்லை என்று இன்டர்நெட்டில் சண்டை பிடிக்கிறார்கள். மேலிடத்தில் தடுத்துவிட்டார்கள் என்கிறான் ஒருவன். பாட்டுக்காரியை மிரட்டி வாயை அடைத்தார்கள் என்கிறான் இன்னொருவன். அதற்குக் கீழே நூறு பேர் கண்ணீர் விடுகிறார்கள். அந்தப் பாட்டுக்காரி மதுரங்குளியில் ஒரு கொமினிகேசன் கடையில் அடையாள அட்டை கொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் போனில் வாசிப்பாள். அவள் வாயை ஒருவரும் அடைக்கவில்லை. இறால் செத்துப்போனது, அவ்வளவுதான் விஷயம்.

அவள் பெயர் தக்ஷாயினி. ஊர் உடப்பு. அம்மா போன பிறகு வீட்டில் அவளும் ஒரு பூனையும்தான். பூனையும் பாதி நாள் மீன்வாடியில் கிடக்கும். அவள் ஒரு காலத்தில் மைக்கைக் கடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு கத்தியவள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் போகிற பெண்ணை யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

கட்டாக்காலி மூன்று பேர். கிற்றார் கிரிசாந்த், அவளுடைய ஊர்க்காரன். டிரம் ஃபாஹிம், ஊர் கனமூலை. பாட்டு இவள். பங்க் என்கிற இசைக்குப் பெரிய வித்துவம் தேவையில்லை. கிற்றாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மிச்சத்துக்குத் தொண்டையும் கோபமும் இருக்க வேண்டும். இரண்டும் அவர்களிடம் தாராளமாக இருந்தன. இடம்தான் இருக்கவில்லை. ஃபாஹிமின் மாமா ஜபார் ஹாஜியாருக்கு முந்தலில், களப்பு என்கிற உப்புத்தண்ணீர் ஏரியின் ஓரத்தில், ஒரு இறால் பண்ணை இருந்தது. தாயும் தகப்பனும் இல்லாத ஃபாஹிமைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். பண்ணையில் இரவுக் காவல் ஃபாஹிமின் வேலை. ஆகவே பண்ணையின் மோட்டர் அறையே அவர்களுடைய ஸ்டூடியோ ஆனது. பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாதபடியால் எவ்வளவு கத்தினாலும் நாய் மட்டும்தான் திருப்பிக் குரைக்கும்.

ஒரு தொல்லை இருந்தது. இறால் குளத்தில் தண்ணீரைக் கடைந்து காற்றுக் கலக்கிற சக்கரங்கள் இராமுழுதும் சுற்ற வேண்டும். நின்றால் இறாலுக்கு மூச்சு முட்டும். அந்தக் கடகட சத்தத்துக்கு மேலேதான் ஏழு பாட்டையும் கிரிசாந்தின் லப்டொப்பில் பதிந்தார்கள். சத்தத்தை எடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஃபாஹிம் அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டான். இன்றைக்கும் தக்ஷாயினிக்கு அந்த ஏழு பாட்டில் சக்கரம் எது, டிரம் எது என்று பிரிக்க வராது.

எட்டாவது பாட்டுக்கு வந்தபோது டிரம் இல்லை. மாமா கண்டுபிடித்துவிட்டார். தொழுகையை விட்டுப்போட்டுத் தகரம் தட்டுகிறாயா என்று கேட்டு, டிரம்மைத் தூக்கி முற்றத்தில் எறிந்து உடைத்திருந்தார். இருக்கிறதை வைத்து முடிப்போம் என்று மூவரும் முடிவெடுத்தார்கள். கிற்றாரும் குரலும் மட்டும். ஆனால் மெல்லிய பாட்டைச் சக்கரம் விழுங்கியது. நாலு நிமிசம் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்றாள் தக்ஷாயினி. ஃபாஹிம் போய் சுவிச்சை இறக்கினான். நாலு நிமிசத்தில் அவள் தொண்டை கட்டியது. இன்னும் ஒருக்கா என்றாள். பிறகு சொல் பிசகியது. இன்னும் ஒருக்கா என்றாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் விட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் பாட்டு அவள் நினைத்த மாதிரியே வந்தது. வெளியே வந்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது குளம் முழுக்க இறால் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. சக்கரத்தைப் போட்டும் பிரயோசனம் இருக்கவில்லை.

ஃபாஹிம் அவர்கள் இருவரையும் கிரிசாந்தின் சைக்கிளில் ஏற்றிப் பின்வழியால் அனுப்பிவிட்டான். மாமாவிடம், விடியுமுன் கரண்ட் போனது, நான் தூங்கிவிட்டேன், ஜெனரேற்றர் போடவில்லை என்று சொன்னான். உடப்புப் பெண்பிள்ளை ஒருத்தி அந்த நேரத்தில் அங்கே இருந்தாள் என்று வெளியே வந்தால் அவள் ஊரில் தலை காட்ட முடியாது என்பதற்காகச் சொன்ன பொய் அது. மாமா ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினார். ஒரு மாதத்தில் ஃபாஹிம் கட்டாருக்குப் போனான். ஒன்பது வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை.

முதல் பதிவை வெளியே விடவேண்டாம் என்று அவன் போகுமுன் கேட்டுக்கொண்டான். ஏழு பாட்டில் சக்கரம் சுற்றுகிறது, எட்டாவதில் சுற்றவில்லை. பண்ணைக்காரன் எவன் கேட்டாலும் பிடித்துவிடுவான். கிரிசாந்த் கொழும்பில் ஒரு ஆளைப் பிடித்து, கூலிக்கு ஒரு டிரம்காரனை வைத்து, எட்டையும் புதிதாகப் பதிந்தான். இறால்தலை என்று உலகம் கேட்பது அதைத்தான். கழுவிக் காயவைத்த பாட்டு. தக்ஷாயினி அதைத் தன் அல்பம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளுடைய அல்பம் ஒரு பென்டிரைவில் அலுமாரிக்குள் இருந்தது. சமைக்கிறபோதும் துணி மடிக்கிறபோதும் அதைப் போனில் ஏற்றிக் காதில் போட்டுக்கொள்வாள். பாட்டுக்கு நடுவில் மூன்று பேரும் சிரிப்பார்கள், ஏசிக்கொள்வார்கள், ஒருவன் தண்ணீர் குடிப்பான். அந்த வீட்டில் வேறு மனிதக் குரல் இல்லை. அதனால் அதில் ஒரு மூச்சைக்கூட வெட்டக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

கிரிசாந்தும் இப்போது கனடாக்காரன். அங்கே அவனுடைய கூட்டாளி ஒருவன் சிறிதாக ஒரு இசை நிறுவனம் நடத்துகிறான். அவன்தான் முதல் பதிவைக் கேட்டு இரண்டு வருடமாக நச்சரிக்கிறான். தக்ஷாயினிக்கு ஆசைதான். சாகும் முன் ஒருமுறையாவது தன் குரல் தன் குரலாக வெளியே போக வேண்டும் என்று இருந்தது. ஃபாஹிமிடம் கேட்டாள். அவன் குரல்செய்தி அனுப்பினான்.

“மாமா இரிக்கும் மட்டும் வேணாம் தக்ஷா. அவர் மௌத்தான பொறகு நீ என்னமும் செய்.”

சொன்னவன் சும்மா சொல்லிவிட்டான். கேட்டவளுக்கு அன்றிலிருந்து நிம்மதி போனது. மதுரங்குளியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு சாவை மௌத்து என்று அறிவித்தால் கடைக்குள் நன்றாகக் கேட்கும். தொழுகைக்கு அழைக்கிற நேரம் இல்லாத நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தால், அவள் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். பெயர் வேறாக இருந்தால் திரும்பிப் போவாள். கடை முதலாளி முனாஸ் நானா, இந்தப் பிள்ளைக்கு எல்லாரிலும் எவ்வளவு இரக்கம் என்று மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். தான் ஒரு கிழவனின் சாவுக்குக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாசலுக்குப் போவதை நிறுத்த முடியவில்லை.

போன வியாழக்கிழமை வெயில் ஏறிய நேரம் ஒலிபெருக்கி கரகரத்தது. கனமூலையைச் சேர்ந்த அப்துல் ஜபார் ஹாஜியார் அவர்கள் வபாத்தானார்கள் என்றது. அவ்வளவுதான் அவள் கேட்டாள். அதற்குப் பிறகு இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மச்சான் என்று நீளமாக வரும். ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுத்தான் ஆளைப் பிடிப்பார்கள். ஜபார் என்று கனமூலையில் ஒரு பட்டாளமே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. மௌத்தான மனிதரைப் பட்டப்பெயர் சொல்லி அறிவிப்பது அழகில்லை என்று அங்கே சொல்வதில்லை. இவள் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. அதற்குள் கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அலுமாரியிலிருந்து எடுத்து ஒரு வருடமாகக் கைப்பையில் கொண்டு திரிகிற பென்டிரைவைச் செருகிவிட்டாள்.

எட்டுப் பாட்டும் ஏறி முடிய நேரம் எடுத்தது. நீலக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. மறைத்துப் பேச ஒன்றுமில்லை, கலியாண வீட்டுக்காரி மாதிரிச் சந்தோசமாக இருந்தது. கிரிசாந்துக்கு இணைப்பை அனுப்பி முடித்து, கொப்பி எடுக்க நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்தபோதுதான், மௌத்து அறிவித்திருக்கிற நேரத்தில் இந்தப் பிள்ளை என்ன சிரிக்கிறது என்று அந்தப் பெண் முகம் சுளித்தாள். தக்ஷாயினிக்கு உடம்பு கூசிப்போனது. செத்த வீட்டுக்குப் போய் ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்காவிட்டால் இனித் தன்னால் அந்தப் பாட்டைக் கேட்க முடியாது என்று நினைத்தாள். முனாஸ் நானாவிடம் சொல்லிவிட்டு, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு திரீவீலில் ஏறினாள்.

கனமூலையில் ஒழுங்கை முழுக்கப் பிளாஸ்டிக் கதிரைகள். மேலே நீலத் தறப்பாள். ஆண்கள் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எந்தப் பக்கத்தால் உள்ளே போகிறார்கள் என்று பார்க்கத் திரும்பியவள், முன்வரிசையில் ஊன்றுகோலைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தொப்பியோடு ஜபார் ஹாஜியார் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

மெலிந்திருந்தார், ஆனால் அவர்தான். பண்ணைக் காலத்தில் மோட்டர் அறைச் சன்னலால் எத்தனையோ தடவை ஒளிந்திருந்து பார்த்த முகம். அவருக்கு இவளைத் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் தன்னைப் பார்த்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து, அவரே எழும்பி வந்தார்.

“பொம்புளையள் உள்ளுக்கு இரிக்காங்க மகள். போங்க.”

“ஹாஜியார்... நீங்கதானே ஜபார் ஹாஜியார்?”

அவருக்கு விளங்கிவிட்டது. பல் இல்லாத வாயால் சத்தம் வராமல் சிரித்தார்.

“இது சீமெந்து ஜபார். நான் இறால் ஜபார். காலையில இருந்து எத்தின பேர் எனக்கு அழுதுட்டுப் போறாங்க தெரியுமா? இறாலும் இல்ல, பண்ணையும் இல்ல, பேர் மட்டும் இரிக்கி.” பிறகு அவளை உற்றுப் பார்த்தார். “எனக்கெண்டா வந்தீங்க? உங்கள எனக்குத் தெரியாதே மகள்.”

அப்போதே ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கனடாவில் இன்னும் விடியவில்லை. கிரிசாந்த் தூக்கத்தில் இருப்பான், அனுப்பியதை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தன் சாவுக்கு யாரோ ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று அந்த மனிதரின் முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. நான் ஃபாஹிமின் கூட்டாளி என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, செத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஒழுங்கை பெரிய பாதையில் ஏறுகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது. அதில் உட்கார்ந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டர் அறை, லப்டொப், நாலு நிமிசம், தன்னுடைய தொண்டை. கரண்ட் போனது என்று ஃபாஹிம் சொன்னது பொய் என்று அவள் சொன்னபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும். சுபஹுத் தொழுகைக்கு நான் பள்ளியிலதான் நிண்ட. பள்ளிட காத்தாடி சுத்திக்கிட்டு இரிந்திச்சு. பள்ளிக்கும் பண்ணைக்கும் ஒரே லைன்தானே மகள். கரண்ட் போகல்ல. கையாலதான் நிப்பாட்டி இரிக்கான்.”

அந்தக் கிழமைதான் அவர் டிரம்மை உடைத்தார். ஆகவே அவன் பழி வாங்கிவிட்டான் என்று நினைத்தார். மடியில் வைத்துச் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை, ஒரு தகரத்துக்காகத் தன்னுடைய குளத்தைக் கொன்றுவிட்டான் என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் கேட்டபோது அவரும் கரண்ட் போனது என்றே சொன்னார். அவனுடைய பெயர் கெடக்கூடாது என்பதற்காக அவன் சொன்ன பொய்யை இவரும் சுமந்தார். ஒரே பொய்யை இரண்டு பேர் இரண்டு நாட்டில் காவல் காத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்திருக்கிறார்கள். தக்ஷாயினிக்கு அழுகையை விட முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனிதன்?

“பாட்டுக்கா?” என்றார் அவர், நம்பாமல்.

“ஓம் ஹாஜியார். என்ர பாட்டுக்கு. அவன் காணும், போதும் எண்டுதான் சொன்னவன். நான்தான் விடேல்ல.”

சொன்னதை நிரூபிக்க வேண்டும் போல இருந்தது. போனில் எட்டாவது பாட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அதன் ஒவ்வொரு நொடியும் மனப்பாடம். முதலில் சக்கரம் மெல்ல மெல்ல ஓய்கிற சத்தம். பிறகு தவளை. கிரிசாந்த் கிற்றாரைச் சுருதி சேர்ப்பான். அவள் இரண்டு வரி பாடி இருமுவாள். இன்னும் ஒருக்கா என்பாள். அதற்குப் பிறகுதான் ஃபாஹிமின் குரல் வரும்: “தக்ஷா, காணும். மாமாட இறால் செத்துரும். மாமா பாவம்.” அவள், கடைசி ஒருக்கா என்பாள். பிறகு அந்தப் பாட்டு தொடங்கும், அவள் வாழ்க்கையில் சரியாகச் செய்த ஒரே விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிற பாட்டு.

தொடங்கிய உடனே கிழவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“அவன் கதைக்கிற இடத்தத் திருப்பிப் போடுங்க.”

அவள் போட்டாள். கேட்டார். பாட்டு தொடங்கியதும் எடுத்து நீட்டினார். மறுபடியும் போட்டாள். ஒவ்வொரு முறையும் மாமா பாவம் என்கிற இடத்தில் அவர் கண்ணை மூடுவார், அவள் வாயைத் திறக்கிற இடத்தில் போனை நீட்டுவார். இந்த மண்ணில் இந்தப் பாட்டைக் கேட்கப்போகிற முதல் ஆள் என்று அவள் எதிர்பார்த்த மனிதர், பாட்டு வருமுன் எழும்பிப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டார். முதலில் அவளுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பிறகு, ஒரு குரலுக்காகப் பசித்துக் கிடப்பது என்னவென்று இந்த ஊரில் தன்னைத் தவிர இவருக்குத்தான் தெரியும் என்று பட்டது.

நீங்கள் மௌத்து என்று நினைத்து இதை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டேன், வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் கேட்டார்.

“வெளிய விட்டா, இவன் சொல்றத ஆக்கள் கேப்பாங்களா?”

“கேப்பினம்.”

“அப்ப விடுங்க.” பிறகு, கேட்கக் கூச்சப்பட்டவர் மாதிரித் தரையைப் பார்த்தார். “எனக்கு இந்தத் துண்ட மட்டும் தாங்களேன் மகள்.”

ஒரு மூச்சைக்கூட வெட்டமாட்டேன் என்றிருந்தவள் மதகோரத்தில் நின்று வெட்டினாள். சக்கரத்தை வெட்டினாள், தவளையை வெட்டினாள், கிரிசாந்தை வெட்டினாள். முன்னால் இருந்த தன் இருமலையும் பின்னால் இருந்த தன் பாட்டையும் வெட்டினாள். மிஞ்சியது ஃபாஹிம் மட்டும்தான், மூன்று சின்ன வசனம். அவருடைய போனுக்கு அனுப்பி, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். ஃபாஹிமின் கட்டார் நம்பரையும் கொடுக்கப் போனாள். அது தன்னிடம் இருக்கிறது என்றார். எப்போதும் இருந்ததாம்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. ஜனாஸா எடுக்கப்போகிறார்கள் என்று எழும்பினார். போகிறவர் திரும்பி, “பாட்டும் நல்லம் மகள்” என்றார், மரியாதைக்கு. ஒரு வரிகூடக் கேட்காத மனிதர்.

பஸ் வரச் சுணங்கியது. சீமெந்து ஜபாரின் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் போனார்கள். கூட்டத்தின் கடைசியில் ஊன்றுகோல் போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிரிசாந்திடமிருந்து செய்தி வந்தது. விடிய எழும்பியதும் கேட்டானாம், அழுதானாம். எட்டாவது பாட்டில் மூன்று பேரும் கதைக்கிற இடம் கூடுதலாக இருக்கிறது, வெட்டிவிட்டுப் போடலாமா என்று கேட்டிருந்தான். வெட்டாதே என்று எழுதினாள். இறால் செத்ததும் எல்லாருக்கும் தெரியட்டும் என்று இன்னொரு வரி சேர்த்தாள்.

ஃபாஹிமுக்கும் சொல்ல வேண்டும். அவனுடைய மாமாவிடம் எல்லாவற்றையும் போட்டுடைத்துவிட்டாள், ஏசினால் ஏசட்டும். ஒன்பது வருடத்தில் அவனுக்கு ஒரு நன்றிகூட அவள் சொன்னதில்லை, அதையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தே அழைப்பு எடுத்தாள். அவன் வேறு அழைப்பில் இருந்தான். முந்தலில் பஸ் நின்றபோது எடுத்தாள். வேறு அழைப்பில் இருந்தான். களப்பு முழுக்க வெயில் சாய்ந்திருந்தது. அவளுக்கு யாரோடு என்று தெரிந்தது. சந்தோசப்பட்டாள். இப்படி நீளக் கதைப்பதற்குத் தனக்கு யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

உடப்பில் இறங்கி, வீட்டைத் திறந்து, பூனைக்குச் சோறு வைத்துவிட்டு இன்னும் ஒருக்கா எடுத்துப் பார்த்தாள். அப்போதும் அவன் வேறு அழைப்பில்தான் இருந்தான்.